இரண்டாவது பேட்டரி

குளிர்காலத்தில் பேட்டரியை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர். டிரோன் வாங்குகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கோட்டின் வெளிப்பையில் போட்டால் மலை ஏறி முடிப்பதற்குள் சில்லிட்டுப் போய்விடும். பறக்கவிட்டால், சார்ஜ் முழுதாக இருக்கிறது என்று விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பாதி வழியில் பொத்தென்று விழும். உள்சட்டைக்குள், தோலில் படும்படி வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். நீங்களும் மலைப் போலீஸ்தானே. மரங்கள் முடிகிற இடத்துக்கு மேலே சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் "நீ" என்றுதான் பேசியிருப்போம். அங்கே வக்கீலும் "நீ"தான், பாதிரியாரும் "நீ"தான். இங்கே மேசையும் ஹீட்டரும் காபியும் இருப்பதால் "நீங்கள்" என்கிறேன்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கிரெசென்ஸ். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, சென்ஸிதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பனிச்சறுக்கு வழிகாட்டி வேலை. மலை மீட்புக் குழுவிலும் இருக்கிறேன். இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பிள்ளைகள் தங்கள் பேட்டரிகளை என்னிடம்தான் கொடுப்பார்கள். எனக்கு எந்தக் குளிரிலும் கை சில்லிடாது. "சென்ஸி நெஞ்சுக்குள்ள அடுப்பு எரியுது, அங்க வைங்கடா" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே செருகிக்கொள்வேன். அந்தப் பெயர் இருந்ததால்தான் குவிரினும் தன் டிரோன் பேட்டரிகளை என்னிடம் கொடுத்தான்.

அந்த டிரோனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கையில் வைத்து நீட்டினால் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் பிடித்துக்கொண்டு எழும்பும். நாம் சறுக்கினால் அதுவும் பின்னாலேயே வந்து படமெடுக்கும். யாரும் இயக்க வேண்டாம். பனியில் அதற்கு ஒரே ஒரு சங்கடம், கீழே எல்லாம் வெள்ளையாக இருந்தால் தரை எங்கே என்று அதற்குப் பிடிபடாது. அதனால் இறங்கும் இடத்தில் கறுப்பாக ஏதாவது போட வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் முதுகுப்பையைக் கழற்றிப் போடுவது வழக்கமாகிவிட்டது. முதுகில் மூட்டை இல்லாமல் சறுக்கினால் படமும் எடுப்பாக இருக்கிறதாம். மண்வாரி அந்தப் பைக்குள் இருக்கிறது. பனி சரிந்தால் கயிற்றை இழுத்ததும் ஊதிப் பெருத்து ஆளை மேலே மிதக்கவைக்கிற காற்றுப்பையும் அதில்தான் இருக்கிறது. தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அழகு போய்விடும் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆஃப்ராவும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் என் மகள். வேறு பிள்ளை கிடையாது.

போன வருடம் மார்ச்சில் அவளும் குவிரினும் லேர்ஷ்கார் சரிவுக்குப் போனார்கள். அவன் வீடியோ போட்டுப் பேர் வாங்கியவன். அவள் சறுக்க, அவன் கீழே நின்று பார்த்துக்கொள்ள, டிரோன் அவள் பின்னால் வர, எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பாதியில் பேட்டரி சில்லிட்டு டிரோன் விழுந்துவிட்டது. படம் அரைகுறை. இன்னொரு தடவை ஏறு என்றான் அவன். அவள் ஏறினாள். அதற்குள் உச்சியில் வெயில் பட்டுவிட்டது. வெயில் பட்ட பிறகு லேர்ஷ்காரில் நாய்கூடக் கால் வைக்காது. சரிவு முழுவதும் பெயர்ந்து வந்தது.

ஹெலிகாப்டரில் என்னை ஏற்றவில்லை. தாய் வர வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தேவாலயத்துக்குப் பின்னால் ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து ஈரம் காய்வதற்குள் அவன் வீடியோவைப் போட்டான். ஆஃப்ரா சறுக்குகிறாள். பனி உடைகிறது. அவள் மறைகிறாள். அதற்கு மேல் ஒரு பியானோ. அவள் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அத்துடன் முடிந்தது. எங்கோ பிரேசிலிலிருந்து ஒருவர், "தூங்கு ராணி" என்று எழுதி இதயம் போட்டிருந்தார். என் மகள் தூங்கவில்லை, இன்ஸ்பெக்டர். மூச்சு முட்டிச் செத்தாள். இவன் கீழே நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வயிறு எரிந்தது அன்றைக்கு. இன்றைக்கும் எரிகிறது. ரொட்டிக் கடையில் நிற்கும்போது, சறுக்குப் பலகைக்கு அடியில் ஒட்டுகிற தோல்பட்டைகளுக்கு மெழுகு தேய்க்கும்போது, பிரார்த்தனையில் முழங்காலிடும்போது அந்தப் பியானோ கேட்கும். கோபத்துடனேயே எழுந்து, கோபத்துடனேயே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு வருடத்தை ஓட்டினேன். வெளியே யாருக்கும் தெரியாது. நான் கத்துகிற பொம்பிளை இல்லை.

இந்த வருடம் சுற்றுலாக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தான். சூப்பில் போட்ட ரொட்டி உருண்டைகள் வைத்துக் கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

"சென்ஸி, ஆஃப்ராவுக்காக ஒரு படம் எடுக்கணும். அதே சரிவுல. நீயும் வரணும். நீ இல்லாம அங்க கால் வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

"சாப்பிடு, ஆறிடும்" என்றேன்.

அப்போது எனக்கு ஒரு எண்ணமும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். கோபம் இருந்தது, அவ்வளவுதான். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறாள் ரோஸ்விதா, அவன் தாய்.

போகிற நாளை நான்தான் குறித்தேன். தென்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள். காற்று கொண்டுவந்து கொட்டிய பனி உச்சியில் கனத்துக் கிடந்தது. காலையில் குளிர் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை அது அசையாது. அப்படிப்பட்ட நாளில் அதிகாலையிலேயே போய், வெயில் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். அதை அவனிடமும் சொன்னேன். வழிகாட்டி சொல்ல வேண்டியதில் எதையும் நான் விடவில்லை.

இரண்டு பேட்டரிகளைக் கொடுத்தான். ஒன்றை உள்சட்டைக்குள் வைத்தேன். மற்றதை வெளிப்பையில் போட்டு, கூடவே ஒரு பிடி பனியையும் போட்டேன்.

மேலே போய் வெளிப்பைப் பேட்டரியை அவனிடம் நீட்டினேன். பையைக் கழற்றிப் பாறை ஓரத்தில், நான் நிற்கும் இடத்தில், டிரோன் இறங்குவதற்குப் போட்டுவிட்டு ஏறிப் போனான். பையை முதுகில் மாட்டிக்கொள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேரிடம் சொன்னவள்தான். அன்றைக்குச் சொல்லவில்லை. அவன் சறுக்கி வந்தான், நாலு வளைவு திரும்புவதற்குள் டிரோன் விழுந்தது. அதைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டு சிரித்தபடி என்னிடம் வந்தான்.

"உனக்கு வயசாயிடுச்சு சென்ஸி. அடுப்பு அணைஞ்சுபோச்சு."

மன்னிப்புக் கேட்டேன். உள்சட்டையிலிருந்து இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது. அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அப்புறம் உச்சியைப் பார்த்தான். விளிம்பில் வெயில் வந்திருந்தது. அவன் முகம் மாறியதை நான் கவனித்தேன். அந்த இடத்தில் அவனுக்கு ஆஃப்ராவின் ஞாபகம் வராமலா இருக்கும்.

"வெயில் வந்துடுச்சே. விட்டுடலாமா? இன்னொரு நாள் வரலாம்."

அவன் அப்படிக் கேட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்க நான் வரவில்லை.

"நேரம் இருக்கு. ஏறு" என்றேன்.

"நீ சொன்னாச் சரி."

அவன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுத் திருப்பியிருக்கலாம். அவனுக்குக் கேட்கும் தூரம்தான், வெகு நேரம் வரைக்கும் கேட்கும் தூரம்தான்.

மூன்றாவது வளைவில் உடைந்தது. சத்தம் அதிகம் இல்லை. பனித்தூசி அடங்கியபோது சரிவில் அவன் இல்லை. டிரோன் மட்டும் இருந்தது. அவன் மறைந்த இடத்துக்கு நேர் மேலே, அந்தரத்தில் அசையாமல் நின்றது. வாசலில் எஜமானுக்குக் காத்திருக்கிற நாயைப் போல நின்றது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் மகளுக்கும் ஒன்று இப்படித்தான் நின்றிருக்கும், இவன் அதைப் படம் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

மார்பில் கட்டியிருக்கும் தேடும் கருவியை எடுத்துத் திருப்பினேன். புதைந்தவனுடைய கருவி பனிக்கடியிலிருந்து குரல் கொடுக்கும், என்னுடையது அம்பு போட்டு இடம் காட்டும். காட்டியது. மேலே ஏறி டிரோனுக்கு நேர் கீழே போய் நின்றேன். கருவி விடாமல் கத்தியது. ஆழம் அதிகம் இல்லை. என் மண்வாரி என் முதுகில் இருந்தது. டிரோன் இன்னும் நிற்கிறதா என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்தேன். கருவியை அணைத்துப் பைக்குள் போட்டேன். கீழே இறங்கி அவன் பைமேல் உட்கார்ந்தேன். அது பனியைவிடக் கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. குடுவையில் டீ இருந்தது, குடித்தேன். ரம் கலக்கவில்லை, வேலையில் இருக்கும்போது நான் குடிப்பதில்லை. டீ தீர்ந்த பிறகு ரேடியோவில் குழுவைக் கூப்பிட்டேன். வந்தவர்களிடம் இன்னும் கீழே ஓர் இடத்தைக் காட்டினேன். அவர்கள் கருவி அவர்களை மேலே அழைத்துப் போய்விட்டது. தோண்டி எடுத்தபோது அவன் வாய்க்கு முன்னால் பனி உருகி ஐஸாகியிருந்தது. அவ்வளவு நேரம் மூச்சு விட்டிருக்கிறான். உயிர் போய் அதிக நேரம் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார்.

என் தவறு ஒன்றுதான். நான் அண்ணாந்து பார்த்தேன் அல்லவா, அப்போது அது என் முகத்தைப் பார்த்துவிட்டது. தொலைந்த ஆளை விட்டுவிட்டு, கிடைத்த ஆளைப் பிடித்துக்கொண்டது. என் பின்னாலேயே இறங்கி வந்து, நான் உட்கார்ந்ததையும் குடித்ததையும் எடுத்திருக்கிறது. தொப்பியும் தலைமூடியும் போட்டிருந்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. சார்ஜ் தீர்ந்து பக்கத்தில் வந்து இறங்கியபோதுதான் கவனித்தேன். வெறும் பனியை எடுத்திருக்கும் என்று நினைத்தேன். முதல் பேட்டரியைப் போல இருந்திருந்தால் அவ்வளவு நேரம் பறந்திருக்காது. இரண்டாவதை நான் ஒழுங்காக வைத்திருந்தேன்.

இறந்தவரின் பொருள்களை வீட்டில் சேர்ப்பது எங்கள் குழு வழக்கம். டிரோனை ரோஸ்விதாவிடம் என் கையாலேயே கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகன் கடைசியாக எடுத்தது என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். பாவம்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம். மலை கொன்றது என்று வக்கீல் சொல்லச் சொல்லுவார், நான் சொல்ல மாட்டேன். மலை அவனை உயிரோடுதான் என்னிடம் விட்டுவிட்டுப் போனது.

இப்போது நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். அவன் கம்ப்யூட்டரில் ஆஃப்ராவின் வீடியோ முழுதாகக் கிடைத்தது, அவன் வெட்டியெறிந்த மீதியும் அதில் இருக்கிறது என்று.

"டிரோன் நின்ன இடத்துக்கு நேரா ஓடி வர்றார். பை கீழயே கிடக்கு, மண்வாரி கையில இல்ல. வெறுங்கையாலயே தோண்டுறார். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் தோண்டுறார். உங்க மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே. பாக்குறீங்களா?"

வேண்டாம், இன்ஸ்பெக்டர். அந்தத் திரையை அப்படியே மூடி வையுங்கள். சரிந்து நின்ற பனி சிமெண்டாக இறுகிவிடும், அதை வெறுங்கையால் தோண்டினால் நகம் எப்படி ஆகும் என்று மீட்புக் குழுவில் இருந்த எனக்குத் தெரியாதா. அடக்கத்தன்று அவன் என் கையைப் பிடித்தபோது அவன் விரல்களில் நகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் கறுத்துப் பிய்ந்திருந்தன. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அப்புறம் கோபப்பட எனக்கு யார் இருந்தார்கள்.