பாப்பா என்ற ஃபோல்டர்

ஃபோல்டர் திறக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் ஒயரைத்தான் பார்ப்பேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். பாதிச் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும். கூட்டும்போது துடைப்பம் பட்டு ஒயர் கழன்றிருக்கும். சொருகிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அலுவலகம் அலுவலகமாகப் போய் நான் பார்க்கிற வேலை இதுதான். எடுத்த எடுப்பிலேயே சிக்கலாக யோசிக்கிறவன் இதற்கு லாயக்குப்பட மாட்டான்.

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. வெளியே நாற்காலியில் இருப்பது என் மனைவி. அழிந்ததை மீட்டுத் தரச் சொல்லி உங்களிடம் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய தம்பி. வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருக்கிறான். இந்தத் தெருவில் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அதனால் நீங்கள் கேட்டதற்கு நிதானமாகவே பதில் சொல்லலாம். இந்த டிஸ்க் தானாகச் சாகவில்லை, ஆதி முதல் அந்தம் வரை யாரோ பூஜ்யம் எழுதித் துடைத்திருக்கிறார்கள் என்றீர்கள். யார் என்று தெரியுமா என்றும் கேட்டீர்கள்.

தெரியும். ஆனால் நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும். பாதியில் எழுந்து போனால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக்கு நானே ஒரு சர்வர் செய்தேன். சாப்பாட்டு அறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். எங்கள் மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "சர்வர் வந்தாச்சா? அப்ப ரெண்டு காபி, ஒரு தண்ணி கொண்டுவரச் சொல்லுப்பா" என்று அலமாரியைப் பார்த்துக் கையைத் தட்டினாள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்பு இருந்தது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் அதில் போட்டு, 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன். போனில் எது எடுத்தாலும் தானாக அதில் போய் விழும். என் கம்ப்யூட்டரிலிருந்தும் பார்க்கலாம், மனைவியின் லேப்டாப்பிலிருந்தும் பார்க்கலாம். பாப்பாவின் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு.

கல்லூரியில் சேர்ந்த வருடம் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்தோம். அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அதன்பிறகு என் மனைவி என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கு வாயிலிருந்து வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். தட்டை வைப்பாள், எடுப்பாள். மற்ற நேரமெல்லாம் முன்னறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து 'பாப்பா'வைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தாள். ஒன்றையும் தாண்டமாட்டாள். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. திரையைப் பார்த்து, "அய்யோ, மெதுவாடி, விழுந்துடப்போற" என்பாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அவள் வாயிலிருந்து பேச்சு வரும், ஆனால் அது என்னிடம் பேசுகிற பேச்சு இல்லை.

சரியாகச் சாப்பிடவில்லை. முடியைச் சீவிக்கொள்ளவில்லை. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. உங்கள் வீட்டில் ஒருத்தி இப்படி உட்கார்ந்திருந்தால் நீங்களும் ஏதாவது செய்திருப்பீர்கள். ஒருநாள் மதியம் அலுவலகத்தில் இருந்தபடியே வீட்டு சர்வருக்குள் போனேன். அந்த ஃபோல்டரைத் திறக்கும் அனுமதியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். ஒரு டிக், ஒரு ஓகே. சாயங்காலமே திருப்பிப் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அது சத்தியம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, பாப்பா ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

நீங்கள் கல்யாணமானவரா என்று எனக்குத் தெரியாது. அந்த 'ஏங்க'வை நான் எத்தனையோ மாதமாகக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றக்கூட மறந்து அப்படியே நின்றேன்.

"வா, பாக்கலாம்" என்றேன்.

அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒயரைப் பார்த்தோம். ரௌட்டரை அணைத்துப் போட்டோம். லேப்டாப்பில் சர்வரின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தோம், தெரிந்தது. "தெரியுதே, அப்புறம் ஏன் உள்ள விட மாட்டேங்குது?" என்று கேட்டாள். விண்டோஸ் புதுசாக அப்டேட் ஆகியிருக்கிறது, அது பழைய ஷேரிங்கை அடைத்துவிடும் என்று விளக்கினேன். அப்படி நடப்பதும் உண்டு, உங்களுக்கே தெரியும். நான் சொன்னதில் முக்கால்வாசி உண்மைதான். அவள் என் தோளோடு தோள் ஒட்டி, திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் திருப்பிப் போடவில்லை.

மறுநாள் போட்டேன். அவள் மறுபடியும் திரைக்குள் போய்விட்டாள். நான் கேட்டதற்கு 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடி எடுத்தேன். இப்படிக் கொஞ்ச காலம் ஓடியது. திறந்தால் அவள் மகளிடம் போவாள், மூடினால் என்னிடம் வருவாள். எப்போதும் மூடியே வைத்திருக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒயர், ரௌட்டர், அப்டேட் என்று எத்தனை நாள்தான் சொல்ல முடியும்? புதுசாக ஒரு காரணம் தேவைப்பட்டது. சர்வரில் பாஸ்வேர்டை மாற்றினேன். அவள் பாப்பாவின் பிறந்த தேதியை அடித்தாள். தப்பு என்று வந்தது. நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அடித்தாள். தப்பு என்றே வந்தது.

"தேதி அதுதானேங்க?"

"நீ மாத்திப் போட்டிருப்ப."

"இல்லங்க. பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் இன்னொரு வாட்டி யோசிச்சுப் பாரேன்" என்றேன்.

விரலைக் கீபோர்டின் மேலே வைத்தபடி யோசித்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த ஒன்றை என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. பெற்ற நாளையே மறந்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவள் உள்ளே போனபிறகு பழைய பாஸ்வேர்டையே திருப்பி வைத்தேன். காலையில் அதே தேதியை அடித்தாள், திறந்தது. "அப்ப நேத்து நான் என்னத்தை அடிச்சேன்?" என்று என்னையே கேட்டாள். அசதியில் அப்படி ஆகும் என்று ஆறுதல் சொன்னேன்.

அதிலிருந்து எதிலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, குளித்தேனா என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்பாள். நான் பொறுமையாகப் பதில் சொல்வேன். ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. வேண்டுமானால் மச்சினனைக் கேட்டுப் பாருங்கள். அவன்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். மறதி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்றேன். மகளுடைய பிறந்த தேதியே சில நாள் தப்பாகிவிடுகிறது என்றேன். அவள் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் பகலிலும் தூங்குவாள். எழுந்ததும் என்னைத் தேடுவாள்.

மச்சினனுக்கு அக்கா என்றால் உயிர். போன மாதம் வந்தவன், "மாமா, நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க? சர்வர் வேலை பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். ஒரு மணி நேரத்துல சரிபண்ணிடுவான்" என்றான். நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? அந்த சர்வரில் யார் எப்போது அனுமதியை எடுத்தது, யார் பாஸ்வேர்டை மாற்றியது, எல்லாம் பதிவாகியிருக்கும். தொழில் தெரிந்தவன் ஒருவன் பார்த்தால் போதும்.

சனிக்கிழமை காலையில் துடைக்க ஆரம்பித்தேன். பெரிய டிஸ்க் என்று உங்களுக்குத் தெரியும், முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் அதே அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க ஓடுது?" என்று கேட்டாள். "ரிப்பேர் பாக்குறேன்" என்றேன். பாப்பாவின் சட்டை ஒன்று துணிகளுக்குள் வந்துவிட்டது; அதை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் டிஸ்க் போய்விட்டது என்றேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "நீ ஏதாச்சும் அமுக்கினியா?" குற்றம் சாட்டவில்லை, சும்மா கேட்டேன்.

"திரையில ஒரு பெட்டி வந்துச்சுங்க. என்னமோ கேட்டுச்சு. ஓகே அமுக்கினேன்" என்றாள். பிறகு, "நான்தானா? பாப்பாவை நானே அழிச்சிட்டேனா?" என்றாள். காலில் விழுந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினேன். "விடும்மா. தெரியாமப் பண்ணினதுதானே" என்றேன். அப்போதே அவளை மன்னித்துவிட்டேன்.

டிஸ்க்கே போய்விட்டது என்றதும் மச்சினன் அந்த ஃப்ரெண்டை விட்டுவிட்டு, அதை உங்களிடம் கொண்டுவந்துவிட்டான். உங்கள் பார்வை புரிகிறது. இவ்வளவும் அவள் பேச வேண்டும் என்பதற்காகவா என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அந்த முதல் மதியம் அலுவலகத்திலிருந்து நான் சர்வருக்குள் போனது, அவள் சாப்பிடாததற்காக அல்ல. எந்த வருடத்து வீடியோவைப் பார்க்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். கடைசி வருடத்துக்கு வந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் போனால் கடைசி வீடியோ.

காய்ச்சல் வந்தபோது மனைவி ஊரில் இல்லை. தம்பிக்கு வீடு மாற்ற உதவி செய்யப் போயிருந்தாள். வீட்டில் நானும் பாப்பாவும்தான். ஒரு கம்பெனியில் யாருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை என்று என்னைப் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மனைவி போனில் கேட்டாள். காட்டியாகிவிட்டது, சாதாரணக் காய்ச்சல்தான் என்று சொல்லிவிட்டார் என்றேன். வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் இருந்தேன். முடிய மறுநாள் ஆகிவிட்டது. டாக்டர் கோட்டைவிட்டார் என்றுதான் இன்றுவரை அவள் நம்புகிறாள்.

அந்த வீடியோ பாப்பா அவளுக்காக எடுத்தது. படுத்தபடி போனை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாள். உதடு வெடித்திருக்கிறது. "அம்மா, அப்பா இன்னும் என்னைக் கூட்டிட்டே போகல. கேட்டா இதோ அதோங்கறார். நீ வந்துடும்மா. வந்து அப்பாவைத் திட்டு" என்கிறாள், சிரித்துக்கொண்டே. பின்னால் என் குரல் கேட்கிறது. "போட்டுக் கொடுக்காதடி, அம்மா கிளம்பி வந்துடப் போறா." அனுப்புவதற்குள் தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. தானாக அது சர்வரில் போய் விழுந்துவிட்டது.

அந்த ஒன்றை மட்டும் எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்தேன். அன்று மதியமே எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். எடுக்கும்போது அது அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் ஃபோல்டரை மூடினேன். அதன்பிறகு மூடி வைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. அதுதான் நான் முதலிலேயே சொன்னேனே, வாசலில் நின்று 'ஏங்க' என்றாள் என்று.

பேக்கப்பா? இருக்கிறது. நம் தொழிலில் பேக்கப் இல்லாமல் எவன் எதை அழிப்பான்? என் அலுவலக மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. எல்லாமே இருக்கிறது, கடைசி வீடியோவும் சேர்த்து. சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் கேட்பாள். "முதல் பல்லு மேலயா கீழயா விழுந்துச்சு? பச்சைக் கலர் கவுன் எப்பப் போட்டா? சிரிச்சா கண்ணு மூடிக்குமா?" நான் மதியம் பார்த்ததைச் சொல்வேன். கையை என் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்பாள். "உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, எனக்குத்தான் பாவி ஒண்ணுமே நிக்கல" என்பாள்.

கொடுத்துவிடுங்கள் என்கிறீர்கள். கொடுக்கத்தான் போகிறேன். எனக்கு மட்டும் மனசில்லையா? அவள் இன்னும் கொஞ்சம் தேறட்டும். இப்போது திடீரென்று கொடுத்தால் அவளால் தாங்க முடியாது. மாத்திரை சாப்பிடுகிறவள்.

மச்சினன் வந்துவிட்டான் போலிருக்கிறது. அவளும் எழுந்துவிட்டாள், இங்கேதான் வருகிறாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். டிஸ்க்கில் ஒன்றுமில்லை, அதுதானே உண்மை. நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவளைப் பாருங்கள், ரிப்பேர் பார்த்தவர் நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உங்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறாள்.