உள்ளே மட்டும் போகும் ஸ்க்ரூ

ஸ்க்ரூ முடுக்குகிற இம்பாக்ட் டிரைவர் மெஷினை வாங்குகிற யாரும் அதன் பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகத்தைப் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன் சார், அட்டையிலிருந்து அட்டை வரை. கண்ணாடி போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறது, போட்டுக்கொள்வேன். காதை மூடிக்கொள் என்று சொல்லியிருக்கிறது, பஞ்சு வைத்துக்கொள்வேன். உங்கள் மேஜைமேல் பையில் போட்டுச் சீல் வைத்திருக்கிறீர்களே, அது என்னுடையதுதான். அதை மறுக்க நான் என்ன பைத்தியமா? பேட்டரியை மட்டும் தனியே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மாட்டியபடியே வைத்தால் வீணாகிவிடும்.

வீடு வீடாகப் போய் அலமாரி, பரண், கதவு மாட்டுவது என் தொழில். வேலை பிடித்துக் கொடுக்கிற மேஸ்திரி எனக்கு வைத்த பெயர் டர்ரு. மெஷின் போடுகிற சத்தம் அது. வேகத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகும் பழக்கம் மேஸ்திரிக்கு இல்லை.

"டேய் டர்ரு, கடைசித் திருகு கையால திருகுடா. மெஷின்லயே முறுக்கினா பலகை உள்ளுக்குள்ள பொடிஞ்சு பிடிப்பு விட்டுரும். இன்னைக்கு நிக்கும். நாளைக்கு எவ தலையிலயாவது விழும்."

வயசானவர், ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார் என்று விட்டுவிடுவேன். கையால் திருகுவதற்கு நான் எதற்கு மெஷின் வாங்கினேன்?

மற்றபடி எனக்குக் குடி கிடையாது, புகை கிடையாது. காமிக்ஸ் புத்தகங்கள் சேர்ப்பேன், அவ்வளவுதான். சட்டம் கை விரித்துவிட்ட வழக்குகளை, முகமூடி போட்டுக்கொண்டு தனியாளாக முடித்துவைக்கிறவர்களின் கதைகள். தப்பாக நினைக்காதீர்கள், அந்தக் கதைகளில் உங்கள் துறைக்காரர்களும் வருவார்கள். பெரும்பாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். அக்கா வீட்டு ஸ்டோர் ரூமில் மூன்று சுவருக்கும் நானே ரேக் அடித்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உறை போட்டு அடுக்கியிருக்கிறேன். நான் படுப்பது ஹாலில். அக்காவும் அத்தானும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளிக்கும்படி நானும் நடந்துகொண்டதில்லை என்று வையுங்கள்.

படித்ததோடு நிற்கிறவன் இல்லை நான். மாடி வீட்டுக்காரர் தன் ஷூவைப் படிக்கட்டிலேயே கழற்றிவிடுவார். வருகிறவன் போகிறவன் எல்லாம் தடுக்கி விழவேண்டும். நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். ஒரு நாள் அந்த ஷூவைப் பலகைப் படியோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டுவிட்டேன். காலை நுழைத்து விறுக்கென்று கிளம்பியவர் முகம் குப்புறப் போய் விழுந்தார். இரண்டு பல்லும் ஒரு மணிக்கட்டும் போயின. அதன்பிறகு படிக்கட்டு பளிச்சென்று இருக்கிறது. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இனி அத்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தான் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. சாதுவான மனிதர். அவருக்கு இளைப்பு உண்டு. கொஞ்சம் தூசி பட்டாலும் மூச்சு வாங்கும், இன்ஹேலர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. ஊரே மெச்சுகிற ஆள் உள்ளுக்குள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள நான் எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன்!

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். அக்கா நெற்றியில் பெரிய கட்டு. இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏன் எழவேண்டும்?

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. பரண் கதவு கழண்டு தலையில விழுந்துருச்சு. நீ மாட்டினதுதான். கீல் ஸ்க்ரூவெல்லாம் பொலபொலன்னு கையோட வந்துருச்சு பாரு."

அடிபட்ட பெண்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் சார். கதவு இடித்துவிட்டது, படியில் சறுக்கிவிட்டேன். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். கதவு கழன்று கிடந்தது உண்மைதான், நானும் பார்த்தேன். செய்த காரியத்தை மறைக்க ஒரு கதவைக் கழற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் மாட்டிய கதவு தானாக விழும் என்பதை நம்புவதைவிட, தங்கமான மனிதர் கை நீட்டினார் என்பதை நம்புவது சுலபம். என்ன மாதிரி அக்கா பாருங்கள், புருஷனைக் காப்பாற்றத் தம்பியின் தொழில்மேலேயே பழி போடுகிறாள்.

அன்றிலிருந்து கவனித்தேன். அத்தான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். துணி துவைத்தார். ஆபீசுக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். குற்ற உணர்வு ஒரு மனிதனை எப்படியெல்லாம் வேலை வாங்குகிறது என்று பார்த்து மலைத்துப் போனேன்.

பொதுக் கழிப்பறைகளில் பொருள் திருட்டுப்போகாமல் இருக்க ஒரு ஸ்க்ரூ போடுவோம். தலையில் ஒரு பக்கம் மட்டும்தான் பிடி இருக்கும். உள்ளே போகும், திருப்பினால் வழுக்கும், வெளியே வராது. ஒரு வேலையில் மிச்சமானது என் பையில் கிடந்தது. நீளமானது. அது எதற்கு மிச்சமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். அத்தான் சட்டையைக் கழற்றி ஹால் கொக்கியில் மாட்டிவிட்டு, பனியனோடு ஸ்டோர் ரூமுக்குள் போனார். மேல் ரேக்கிலிருந்து பழைய சூட்கேஸை எடுக்க வேண்டுமாம். ஜன்னல் இல்லாத அறை அது. நான் கதவைச் சாத்தினேன். நிலையோடு சேர்த்து மேலிருந்து கீழே வரை ஸ்க்ரூ இறக்கினேன். சார், ஒன்று சொல்கிறேன், என் வேலையிலேயே அவ்வளவு நேர்த்தியாக எதுவும் அமைந்ததில்லை.

உள்ளிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "மச்சான், கதவா பாக்குற? அப்பாடா! ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன், கீழ தேயுது தேயுதுன்னு. ரொம்ப தேங்க்ஸ்டா."

நல்ல வார்த்தை சொன்னவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. "பரவால்ல அத்தான்" என்றேன்.

லைட் சுவிட்ச் வெளியே இருக்கிறது. கரண்டை வீணாக்குவானேன் என்று அணைத்தேன்.

பிறகு கேட்டேன். "அத்தான், அக்கா நெத்தியில எப்படி அடிபட்டுச்சு?"

"என்னடா இது விளையாட்டு? பரண் கதவுதான். லைட்டப் போடு. இங்க ஒரே தூசி."

"எப்படி அடிபட்டுச்சு?"

"மச்சான், மூச்சு வாங்குது. சட்டைப் பையில இருக்கு, அத எடுத்துக் குடு. கதவத் தொற."

சட்டை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. இன்ஹேலரின் நீல மூடி பைக்கு வெளியே தெரிந்தது. நான் அதைத் தொடவே இல்லை. கைரேகை எடுத்துப் பார்த்திருப்பீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்தவர் பொருளைத் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் கதவைத் தட்டினார். தட்டத் தட்ட ரேக்கிலிருந்து புத்தகங்கள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. எனக்கு மனசு பதறிப்போய்விட்டது. உறை கிழிந்தால் திரும்பப் போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பொறுத்துக்கொண்டேன். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் சொந்த நஷ்டத்தைப் பார்க்கக் கூடாது.

மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரல் விட்டு விட்டு வந்தது. "நான்தான்... ஆமா, நான்தான் அடிச்சேன்... தொறடா... நீ என்ன சொன்னாலும்... நான்தான்..."

பார்த்தீர்களா? ஒப்புக்கொண்டுவிட்டார். இருட்டில், மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு ஒருவன் சொன்னது செல்லாது என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்கிறவர்கள் எல்லாம் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

அதன்பிறகு ஏன் திறக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அந்த ஸ்க்ரூ வெளியே வராது என்று முன்பே சொன்னேன். அது எனக்கு அப்போதும் தெரியும். கதவை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். நல்ல கதவு சார், எதற்கு உடைக்க வேண்டும்?

அக்கா வந்தபோது உள்ளே சத்தம் இல்லை. விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அவள் இரும்புக் கம்பியை எடுத்துக் கதவைப் பிளந்தாள். கையெல்லாம் ரத்தம். "பாவி, உன் கதவுதான்டா விழுந்துச்சு, உன் கதவுதான்டா" என்று கத்திக்கொண்டே பிளந்தாள். இன்னமும் அதையேதான் சொல்கிறாளாம். பயம் தெளிய நாளாகும். தெளிந்ததும் என்னைப் பார்க்க வருவாள்.

ஆமாம் சார், அத்தானைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு வருத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவர் அவ்வளவு நேரம் தட்டினார், கத்தினார். மாடி வீட்டில் ஆள் இருந்தது. எதிர் வீட்டில் டிவி ஓடியது. நான் நாற்காலி போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டுக் கதவை உடைப்பார்கள் என்று. ஒருத்தர் வரவில்லை. கண்ணெதிரே இப்படி ஓர் அக்கிரமம் நடக்கிறது, ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை என்றால், என்னைப் போன்றவர்கள் இல்லாமல் இந்த ஊர் எப்படி சார் உருப்படும்?