பிரேமாவின் உடம்பில் கடலை சேர்ந்த விதம்

கோவில்பட்டி மந்தித்தோப்பு ரோட்டில் குடியிருக்கும் பூவனலிங்கம் மகன் கார்த்திகேசன், வயது 31, 22.11.2024 காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது:

நான் மேற்படி முகவரியில் மனைவி பிரேமாவுடன் குடியிருந்தேன். தற்போது தனியாகக் குடியிருக்கிறேன். கடலை மிட்டாய் கம்பெனியில் பாகு பதம் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு கொப்பரைக்கும் முதல் துண்டைத் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிரேமாவுக்குச் சிறு வயது முதல் கடலை ஆகாது. பெண் பார்க்கப் போனபோதே இதைச் சொன்னார்கள். இரு வீட்டாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் குளித்து, உடுப்பு மாற்றி, சாப்பிட்டு, அதன் பிறகே அவள் அருகில் உட்காருவேன். வாசலில் என்னைக் கண்டதும், "கடலைக்காரரே, மொதல்ல கொல்லைக்குப் போங்க" என்பாள்.

8.11.2024 எங்கள் முதல் கல்யாண நாள். மத்தியானம் அனுமதி பெற்று, கடைசிக் கொப்பரைக்குப் பதம் பார்த்துவிட்டு, 1.30 மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, உடுப்பு மாற்றி, புதுச் சேலையைக் கொடுத்தேன். அதன் பிறகு பிரேமாவுக்கு உதடு அரித்தது.

இந்த இடத்தில் சார்பு ஆய்வாளர், "குளிச்சிட்ட, சட்டைய மாத்திட்ட. பெறகு கடலை நடந்தா போச்சு?" என்றார்.

"அதையும் எழுதணுமா சார்?" என்றேன்.

"ஒன் மச்சினன் வெசம்னு எழுதிக் குடுத்திருக்கான்லே."

ஆகவே சொல்கிறேன். சேலையைக் கொடுத்ததும் அவளை முத்தமிட்டேன். ஒரு முறை. வாய் கொப்பளிக்கவில்லை. தின்றது என் வயிற்றுக்குள் போய்விட்டது, அது அவளை என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்குள் உதடு வீங்கி, கழுத்தில் தடிப்பு எழும்பி, குரல் கம்மியது. "தொண்டைய யாரோ நெரிக்க மாதிரி இருக்குங்க" என்றாள். மூச்சு விசிலடித்தது. வாந்தி எடுத்துச் சரிந்தாள். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள், "பூச்சி கடிச்சிருக்கும், வேப்பல கொண்டாரேன்" என்றார். நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாகச் சொல்லி, காலை உயர்த்திப் படுக்கவைத்துத் தொடையில் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் மூச்சு சீராகிக் கண் திறந்து, "சேலைல வாந்தி பட்டுட்டா?" என்று கேட்டாள். அதுவே அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அடங்கியது மறுபடி கிளம்பலாம் என்று டாக்டர் ஒரு நாள் வைத்திருந்தார். மறுநாள் அவள் அண்ணன் மாதவன் எட்டயபுரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்.

அன்றே வேலையை விட்டேன். பதினான்கு நாளாகக் கடலை என் வாயில் படவில்லை. இரண்டு முறை எட்டயபுரம் போனேன். மாதவன் தெருமுனையிலேயே, "மாப்ள, கிட்ட வராதிய" என்று நிறுத்திவிட்டார். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். கடலை தின்னாதவர் தள்ளி நிற்க வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை இத்துடன் தாக்கல் செய்கிறேன். காவல் துறையினர் அதை மாதவனுக்கு, முடிந்தால் பிரேமாவுக்கே, படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்) பூ. கார்த்திகேசன்