கதவணையும் மீன் பாசமும்

"மீன் வாசமே ஆகாதுன்னு சொல்றவரு நீங்க. நேத்துக் கூட்டத்துல மீனுக்காக அப்படிப் பேசுனீங்களே, என்னங்க சங்கதி?"

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், தோளில் துண்டு போட்டிருந்தவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் வெள்ளைச் சட்டைக்காரர். கரண்டு எடுக்கும் கதவணையைத் தண்ணீரை வடித்துவிட்டுப் பழுதுபார்ப்பதா, ஆட்கள் முங்கிச் செய்வதா என்று அவர்கள் ஊரில் கூட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"தண்ணிய வடிச்சா மீனெல்லாம் செத்துப் போகுமுங்க. கெணறும் வத்திரும்."

"முங்கிப் பூசற மருந்து மட்டும் ஆத்துல கலக்காதுங்களா?"

"கொஞ்சந்தானுங்க கலக்கும். வடிக்கச் சொல்றவனுக்கெல்லாம் மணல் மேல கண்ணு."

"இருக்குமுங்க. ஆனா வடிச்சா மணல் மட்டுமா வெளிய தெரியும்? ஆத்துக்குள்ள நீங்க எறக்கியிருக்கற திருட்டுப் பைப்பும் தெரியுமில்லீங்க."

பஸ் சூரமங்கலத்தை நெருங்கியது.

"தெரியுமுங்க," என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். "அதுக்குப் பக்கத்துலயே உங்க மச்சான் எறக்குன பைப்பும் தெரியும்."

துண்டு போட்டிருந்தவர் இறங்குவதற்கு எழுந்தார். படிக்கட்டுப் பக்கம் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த கூட்டத்துல நானும் பேசறனுங்க. மீனு பாவந்தான்."