கோட்டு பட்டன்

டாக்டர்: நூல் கட்டின இந்தக் கோட்டு பட்டன் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல இருக்கட்டும். கடிக்கக்கூடாது, உதட்டாலதான் பிடிக்கணும். நூலைத் தராசுல மாட்டி இழுக்கறேன்... விடாதீங்க...

மனைவி: ம்ம்ம்... ப்ஹா. போச்சு.

டாக்டர்: எங்க போச்சு? தராசு முள்ளைப் பாருங்க. பன்னெண்டு.

கணவர்: பத்து வந்தா போதும்னீங்களே டாக்டர்...

டாக்டர்: அதான் சொல்றேன். முகவாதம் வந்து, போன வருஷம் இதே நாற்காலில உக்காந்தப்ப ரெண்டு. குடிச்ச தண்ணி ஒரு பக்கமா வழிஞ்சுது.

மனைவி: அப்ப திங்கக்கிழமை ஸ்டேஷன்ல மைக் முன்னாடி உக்காரலாமா?

டாக்டர்: தாராளமா. எந்த ரயில் எந்த பிளாட்பாரம்னு மறுபடி உங்க குரல்லயே கேப்போம். சான்றிதழ் இப்பவே எழுதறேன். ஆனா ஒண்ணு... நான் சொன்ன பயிற்சிக்கு மட்டும் இவ்வளவு வராதே?

மனைவி: நீங்க குடுத்த அதே பட்டன்தான். நூலோட அந்த முனையில இன்னொரு பட்டன் கட்டி இவர் வாயில குடுத்துட்டேன். தினமும் காலைல இழுபறி.

கணவர்: தோத்தவங்க பாத்திரம் கழுவணும்.

மனைவி: பத்து மாசமா இவர்தான் கழுவறார்.

டாக்டர்: பலே.

மனைவி: பின்னே? இவர் உதட்டைப் பாருங்க, பென்சில்ல கோடு போட்ட மாதிரி. அதுல என்ன பிடிப்பு இருக்கும்? என்னோடது நல்ல தடிப்பு.

கணவர்: ஆரம்பிச்சுட்டா...

டாக்டர்: வெளியில தெரியற தடிப்பை வச்சு சொல்லிட முடியாதும்மா. வாயைச் சுத்தி உள்ள வளையமா ஒரு தசை ஓடுது, பலம் அதுலதான். சார், நீங்களும் உக்காருங்க, பாத்துடுவோம்.

கணவர்: எனக்கெதுக்கு... நேரமாச்சு...

மனைவி: பென்சில் கோட்டுக்கு என்ன பயம்? உக்காருங்க.

டாக்டர்: ம், மூடுங்க. இழுக்கறேன்... இன்னும்... என்ன சார், நான்தான் நாற்காலியோட உங்க பக்கம் வரேன்... அப்பாடா.

மனைவி: எவ்வளவு?

டாக்டர்: இருபத்தி மூணு.

கணவர்: தராசு ஏதோ...

டாக்டர்: காலைலதான் சரிபாத்தேன்.

கணவர்: பிடிப்பே இல்லைன்னு சொன்னியா... ரோஷத்துல மறந்துட்டேன்.

டாக்டர்: பத்து மாசமா வேணும்னே தோத்திருக்கார். கோவிச்சுக்காதீங்கம்மா.

மனைவி: கோவமா? முதல் வாரமே எனக்குத் தெரியும் டாக்டர். விடறதுக்கு முன்னாடி இவர் கண்ணு மட்டும் சிரிக்கும். கோணின என் மூஞ்சிக்கு நேரா அப்படி ஒருத்தர் சிரிக்கறதைப் பாக்கணும்னுதான், தினமும் நானும் விடாம பிடிச்சேன்.