கோபுரத்து ராணிக்கு ஒரு குரல்

ஜன்னலைச் சாத்த வேண்டாம், ஐயா. அடைத்த அறையில் எனக்கு மூச்சு முட்டும்.

நான் எழுதுவது டியூடர் காலத்து, அதாவது ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ராஜாக்கள் காலத்து மர்ம நாவல்கள். ராஜா பெண்டாட்டிகளை மாற்றிக்கொண்டே போவார்; அரண்மனை மூலையில் யாராவது செத்துக் கிடப்பார்கள்; கிழட்டு வக்கீல் ஒருவர் மோப்பம் பிடித்துக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பார். புத்தகங்கள் நன்றாகவே ஓடின.

எழுதியதை முதலில் படிப்பவள் என் அக்கா. புருஷன் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். இரைப்பு உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு. கடைசி நாவலில், லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்ட ராணி சாவுக்குக் காத்திருக்கும் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லாத்தான் பேசறா உன் ராணி. ஆனா மேடையில நின்னு பேசறா. அடைபட்டவ இப்படியா பேசுவா?"

"பின்னே எப்படிப் பேசுவா?"

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன அடைபட்டா கெடந்தேன்?"

திருத்தி எழுதினேன். மறுபடியும் உதட்டைப் பிதுக்கினாள். பதிப்பாளரும் அதையே சொன்னார். அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னவள் மேல் எதற்குக் கோபம்?

ஒரு மத்தியானம், பழைய திரைச்சீலை எடுக்க அக்கா கீழ்த்தளத்துக் கிடங்கறைக்கு இறங்கினாள். கனமான கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மெல்லத் தள்ளினேன். வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால் அவளும் நடிக்கத் தொடங்கிவிடுவாள், பாருங்கள். படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் சிரித்தாள். "கதவு சிக்கிக்கிச்சுடி. வந்து தள்ளு." பிறகு தட்டினாள். வெயில் சாய்ந்தபோது இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் மேலே சாப்பாட்டு மேஜையில் இருந்தது. எழுதி முடித்த தாள்கள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் நான்தான் அதை வைத்திருந்தேன்.

"இவ்வளவு கூப்பிட்டும் வரலையே. எங்கயாவது விழுந்து கெடக்கறாளோ? காலையிலேயே தலை சுத்துதுன்னாளே. பாவி, தனியா கெடக்கறாளே."

என்னைப் பற்றித்தான் சொன்னாள். அதற்கப்புறம் கதவை இடித்தாள் பாருங்கள், தனக்காகத் தட்டியபோது அவளுக்கு அத்தனை பலம் இருந்ததில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். அடைபட்டவர்கள் வெளியே இருப்பவர்களுக்காகப் பயப்படுவார்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மூச்சுச் சத்தம் நின்ற பிறகும் சற்றுக் காத்திருந்தேன். கதவு சிக்கிக்கொண்டது, நான் மேலே அசந்து தூங்கிவிட்டேன் என்று வந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். புத்தகம் வந்தது. ராணி தன் தங்கையை நினைத்துத் தவிக்கும் பக்கங்களைப் படித்துக் கண் கலங்காதவர் இல்லை.

அதன் பிறகுதான் அது ஆரம்பித்தது. வெளியே போய்விட்டு வீட்டுக்குள் கால் வைத்தால் தரைக்கு அடியிலிருந்து கேட்கும்: "வந்துட்டியா? உனக்கு ஒண்ணும் ஆகலையே?" கிடங்கறை வாசலில் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன். அப்போதும் கேட்டது. மிரட்டும் குரல் என்றால் பழகியிருப்பேன். அதில் இருப்பது நிம்மதி. அக்காவுக்கு நான் பத்திரமாக இருப்பதில் அத்தனை நிம்மதி. அதைத் தாங்க முடியாமல்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

ஆமாம், தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். கேட்டுக்கொண்டே திறக்காமல் இருந்ததும் நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ராணிக்குக் கொஞ்சம் கோபமும் தேவைப்பட்டது; அதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் உடனே திறந்திருப்பேன். பிடிவாதமாகப் பாசம் காட்டிக்கொண்டிருந்தது அக்காதான்.