கேட்டுச் சொல்றேன்

இல்ல சம்மந்தி, தேதிய அப்புறம் குறிக்கலாம். மொதல்ல காபிய குடிங்க. காவேரிப்பாக்கத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. புள்ளைங்க ரெண்டும் புடவை எடுத்துட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். எம்பொண்ணு மேகலாவ தெரியாதா? ஒரு புடவைக்கி நூறு புடவைய பிரிச்சிப் போட வைப்பா. உங்க இளம்பரிதி பாவம், எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு நிப்பாரு.

நான் ஷூ கம்பெனில அம்பது பேர மேய்க்கிற சூப்பர்வைசர். வாய் இல்லன்னா அங்க பொழைக்க முடியாது. உங்ககிட்ட பேசத்தான் நாக்கு ஒட்டிக்குது.

நிச்சயம் முடிஞ்ச நாலாம் மாசம் அவளுக்கு ரத்தத்துல கேன்சர்னாங்க. வேற வீடா இருந்தா தட்ட திருப்பி அனுப்பியிருப்பாங்க. நீங்க இன்னா சொன்னீங்க? எங்க வூட்டுப் பொண்ணு, காத்துக்கினு இருக்கோம்னீங்க. அந்த வார்த்ததான் என்னைக் கொல்லுது.

சொல்றேன், சொல்றேன்.

மொத மருந்துல அடங்கி, எட்டு மாசத்துல திரும்ப வந்துச்சில்ல? வேற மருந்து குடுத்து மறுபடி அடக்கனாங்க. இனிமே அவ தம்பியோட ஸ்டெம் செல்ல ஏத்தணும், அதுக்கு முன்ன ஆறு நாளு பெரிய மருந்து போடணும்னாங்க. எலும்புக்குள்ள இருக்கறத மொத்தமா காலி பண்ணுமாம். நம்ம ஊரு தோல் ஷாப்புல சுண்ணாம்புல ஊறப்போட்டு முடியெல்லாம் வழிச்சி எடுப்பாங்களே, அந்த மாரி.

ஆமா, அதுலதான் பொழச்சா. இல்லன்னு சொல்லல.

மருந்துக்கு முன்ன டாக்டரம்மா என்னை தனியா கூப்ட்டாங்க. இத போட்டா கருமுட்டையெல்லாம் செத்துடும், பொறவு கொழந்தை நிக்காது. நோய் அடங்கித்தான் இருக்கு, ரெண்டு வாரம் டைம் இருக்கு, முட்டைய எடுத்து பத்திரமா வெச்சிக்கலாம், உங்க பொண்ணுகிட்ட பேசறேன்னாங்க. எப்டி எடுப்பீங்கன்னேன். கீழ வழியா ஊசி விட்டு எடுப்பாங்களாம். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சி. கல்யாணம் ஆவாத பொண்ண அங்க தொட விடுவாங்களா? நாளைக்கி உங்க காதுக்கு வந்தா நீங்க இன்னா நெனப்பீங்க? சத்தியமா சம்மந்தி, உங்களத்தான் நெனச்சேன். அவ கூச்சப்படுவா டாக்டர், நானே கேட்டு சொல்றேன்னு வந்துட்டேன். மறுநாள் போயி, அவ வேணாங்கறான்னு சொன்னேன்.

எடுக்கல. ஆறு நாளும் மருந்து போட்டாங்க.

ஆமா. பேரப்புள்ள இல்ல. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.

ஐயோ, கைய விடுங்க, நீங்க ஏன் அழறீங்க? இன்னாது? நம்ம ரெண்டு வூட்டு மானத்துக்காக அவளே வேணாம்னுட்டாளா, எவ்ளோ பெரிய மனசுங்கறீங்களா?

இல்ல சம்மந்தி. நான் அவகிட்ட கேக்கவேயில்ல.

மருந்துக்கு முன்ன ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கன பேப்பர்ல, கொழந்தை நிக்காதுங்கறதும் இருந்துச்சி போல. கத்தையா இருந்துச்சி. பொண்ணு கண்ண தொறக்க முடியாம கெடந்தா, நான் வெரல் வெச்ச எடத்துல எல்லாம் போட்டா.

உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அவகிட்ட எப்டி சொல்றதுன்னுதான் தெரியல. காலைல கூட கேக்கறா, ஏம்மா, வருஷமாச்சி, இன்னும் வீட்டுக்கு தூரமே ஆவலியேன்னு. மருந்து சூடும்மா, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்னு சொல்லித்தான் புடவை எடுக்க அனுப்பி வெச்சிருக்கேன்.